முப்பத்தெட்டு உருப்படி

விமான நிலையத்திலிருந்து லோரி வந்தபோது
மணி இரண்டரை. மழை.
கோம்பாக் மேம்பாலத்துக்குப் பின்னால் எங்கள் கொட்டகை.
காதில் மஞ்சள் வில்லை குத்திய வெள்ளாடுகள்
நூற்றுப் பன்னிரண்டு.
ஆஸ்திரேலியச் செம்மண்
இன்னும் காயாமல் குளம்பிடுக்கில்.

இறங்க மறுத்தன.
நாக்கை மடித்து ட்ர்ரோ என்றேன்,
ப்பா ப்பா என்றேன்.
கமுதிப் பக்கத்தில் எந்த ஆடும்
திரும்பிப் பார்க்கிற சத்தம்.
இவை என்னைக் கண்டு
ஒன்றன் முதுகில் ஒன்று ஏறின.

நடந்து வரும் மனுசனை இவை பார்த்ததில்லை,
அங்கே ஓட்டிவருவது மோட்டார் சைக்கிள் என்றார் தவுக்கே.
ஜைனல் தன் கப்சாயை உதைத்தான்.
புகை கிளம்பியது.
பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி
வரிசையாக இறங்கிப் போயின.

அதிலிருந்து நான் எடை போடுகிற ஆள்.
ஊரில் துண்டுக்கடியில் விரல் பிடிப்பார்கள்.
எந்த விரல் ஆயிரம் எந்த விரல் நூறு என்று
அப்பாவுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.
இங்கே சிவப்பில் எரிகிறது எண்,
வாங்குகிறவருக்கும் எனக்கும் ஆட்டுக்கும் தெரிய.
எனக்கு இது பிடித்திருக்கிறது.

பெருநாளுக்கு இன்னும் பதினொரு நாள்.
அம்பாங்கிலிருந்து புவான் ரொஹாயு
வீடியோவில் வருகிறார்.
உதட்டை விலக்கிப் பல்லைக் காட்டுகிறேன்.
கொம்பு, கண், நான்கு கால், நடை.
இது வேண்டாம், அந்தக் கறுப்பு, என்கிறார்.
கறுப்பின் கழுத்தில் அவர் பேர் எழுதிய அட்டை.

இரவு செவத்தையா கூப்பிட்டான்.
கிடை போட யாரும் கூப்பிடுவதில்லையாம்,
மூட்டை உரம் வந்தாச்சாம்.
மேய்ச்சல் தரிசில் சோலார் தகடும் கம்பி வேலியும்.
வியாபாரி தாயாட்டை
ஐயாயிரத்து எண்ணூறுக்குக் கேட்கிறான்.
அங்கே கிலோ என்ன விலைண்ணே?

மனசுக்குள் பெருக்கிப் பார்த்தேன்.
சொல்லவில்லை.

மூன்று வருசத்துக்கு முன்
என்னை இங்கே அனுப்ப
முப்பத்தெட்டு உருப்படி போச்சு.
ஏஜென்ட் பணத்தை எண்ணினான்,
என் பல்லைப் பார்க்கவில்லை.
மாசாமாசம் அனுப்பி அனுப்பி
இருபத்து நாலை மீட்டிருக்கிறேன்.
என்னில் இன்னும் பதினாலு
கடனில் நிற்கிறது.

கிடாயை வித்துரு,
பொட்டையைத் தொடாதே என்றேன்.

அவன் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

பொட்டை எல்லாம் நேற்றே ஏத்தியாச்சுண்ணே.
ஏஜென்ட்டுக்கு முழுசாக் கொடுத்துட்டேன்.
அடுத்த மாசம் மெடிக்கல்.

எத்தனைடா?

முப்பத்தொண்ணு.

என்னைவிட ஏழு குறைச்சல்.
ஆட்டுக்கு விலை ஏறியிருக்கிறது.

அங்க மழையாமே, நெசமா? என்றான்.
போனைத் தகரக் கூரைக்கு நேராகத்
தூக்கிப் பிடித்தேன்.
எவ்வளவு நேரமென்று தெரியவில்லை.
வாசலில் அடுத்த லோரி பின்வாங்கி நின்றது.
ஜைனல் கப்சாயை உதைத்தான்.