மீற்றர் வாசிக்கிறவன்

பாஷையூரிலிருந்து கொழும்புத்துறை வரை
நாளைக்கு நூற்றுப்பத்து வீடு எனக்கு.
படலையில் கை வைக்க முன்னமே நாய் குரைக்கும்.
"ஆரது?"
"கரண்ட் ஆள்."
குளவிக்கூட்டை ஒதுக்கி
கண்ணாடியைப் பெருவிரலால் துடைத்து
எண்ணை எழுதிக்கொண்டு வெளிக்கிடுவேன்.
இருந்துவிட்டுப் போ என்று ஒருத்தரும் சொல்வதில்லை,
அது வேலையும் இல்லை.

பதினாலு வருடத்தில் படித்தது ஒன்றுதான்:
வீடு பொய் சொல்லும், மீற்றர் சொல்லாது.
கனடாக்காரர் கட்டிப் பூட்டிய மாபிள் மாடியில்
போன மாதமும் இந்த மாதமும் ஒரே எண்.
பின் ஒழுங்கைத் தகரக் கொட்டிலில்
ஒற்றைப் பல்பு. கீழே ஒரு பெட்டை கணக்குச் செய்கிறாள்.
அங்கே சக்கரம் சுற்றுகிறது,
மெல்லத்தான்,
நிற்காமல்.

வியாழன் பின்னேரம் எங்கள் வட்டாரத்துச் செபக்கூட்டம்.
வாயெடுத்துச் செபிக்க என்னைத்தான் கேட்பார்கள்,
என் குரல் அப்படி.
கடலில் நிற்கிறவர்களுக்காக,
காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்காக,
விசா மறுக்கப்பட்ட பெடியனுக்காக,
மழைக்காக, பிறகு மழை ஓய்வதற்காக.
றெஜினா அக்கா கண்ணைத் துடைப்பா.
முடிய பிளேன்ரீ, கிறீம் கிறாக்கர்.
"ஸ்ரனிஸ் செபிச்சால் மேல கேட்டமாதிரித்தான்."

கிளினிக்கில் மிஸ்ஸி கையில் பட்டி சுற்றி
நூற்றைம்பது என்று கொப்பியில் எழுதினா.
உப்பைக் குறையுங்கோ என்றா.
வேற ஏதும் வருத்தம்?
இல்லை மிஸ்.
இரவில் முழங்காலில் நின்று
எத்தனை மாதம் என்று
அவவின் கொப்பியில் ஒரு கோடும் இல்லை.

கார்த்திகையில் ஜெசிந்தா ரீச்சர் மறித்தா.
"ஒரு ஃபானும் இரண்டு லைற்றும்தான் தம்பி,
பில் மட்டும் ஏறுது."
எல்லாவற்றையும் நிற்பாட்டச் சொன்னேன்.
வீடு இருண்டது.
ரோர்ச் அடித்துப் பார்த்தால்
சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கிறது.
"வயரில எங்கயோ ஒழுக்கு ரீச்சர்.
ஒரு விளக்கும் எரியேல்லை,
கரண்ட் சும்மா மண்ணுக்குள்ள போகுது."

சொன்னது நான்தான்.
சொன்ன வாய் பிறகு சைக்கிளில் போகும்போது
கசந்தது.

அன்றிரவு கட்டில் விளிம்பில் இருந்தேன்.
றெஜினா அக்கா இல்லை, பிளேன்ரீ இல்லை.
ஆண்டவரே என்றேன்.
அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.
ஐஸ் ஃபக்டரி இரைகிறது, நுளம்பு.
வியாழக்கிழமைச் சொற்களைத் தேடினேன்;
வெறும் அறையில் அவை
ஆளில்லாத கலியாணப் பந்தல் மாதிரி நின்றன.
சரி, பரலோக மந்திரம் சொல்லுவோம் என்று தொடங்கினேன்.
அதில் பாதி வழியில் பொறுத்தல் பற்றி ஒரு வரி இருக்கிறதே,
அதை எட்டு வருடமாய்
கடிநாய் நிற்கிற வீட்டைப்போல
உழக்கி உழக்கிக் கடந்திருக்கிறேன்.
அன்று செயின் கழன்றது.
அங்கேயே நின்றேன்.

கிளமென்ற்.
என் தம்பி.
ஒன்றரை முழ எல்லை வேலி.
அம்மாவின் செத்தவீட்டில்கூட
அவன் தலைமாட்டில், நான் கால்மாட்டில்.
உலகம் முழுவதற்கும் செபித்த என் வாயில்
இந்த ஒரு பெயர் ஏறவேயில்லை.

பெயரைத்தான் சொன்னேன். அவ்வளவுதான்.
மன்னித்தேன் என்று சொல்லவில்லை,
சொன்னால் அதுவும் ஒழுக்கு.
பழைய மீற்றர்ச் சக்கரத்தில் ஒரு கறுப்புக் கோடு இருக்கும்,
ஒரு சுற்று முடிய கண்ணாடிக்கு நேரே வரும்.
அது அசைந்ததோ என்னவோ.
அந்த மீற்றரை வாசிக்கிற ஆள் நான் இல்லை.

அவன் வீடும் என் பாதையில்தான்.
இவ்வளவு காலமும் மற்றப் பெடியனைக் கொண்டு
வாசிப்பித்து வந்தேன்.
செவ்வாய்க்கிழமை நானே போய்ப் படலையில் நின்றேன்.
அவனுடைய நாய்க்கு என்னைத் தெரியாது,
பாய்ந்து பாய்ந்து குரைத்தது.
"ஆரது?"
"கரண்ட் ஆள்" என்றேன், பழக்கத்தில்.
பிறகு, நாய் ஓய்ந்த பிறகு,
என் பெயரை.