ஐந்துக்கு இரண்டு

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் போட்டவன் நான்தான்.
தாம்பெரே நாளிதழில், பதினோராம் பக்கம்,
குளிர்கால டயர் விளம்பரத்துக்கு மேலே
இருநூறு சொல்லுக்கு இடம்.

'பனிக்கலப்பை' குழுவில்
பத்தொன்பது வருடம் டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த
இல்போ ஹர்யுனென்
முதல் முறையாக முன்னால் வந்து பாடியிருந்தான்.
தட்டுகிறவன் போட்ட முதல் தட்டு.
தட்டிக்கழித்தேன்.
"இத்தனை நாள் டிரம்ஸுக்குப் பின்னால் ஒளிந்திருந்ததற்கு
நல்ல காரணம் இருந்திருக்கிறது"
என்று முடித்தேன். ஆசிரியர் சிரித்தார்.
நான்கு மணிக்குக் கெடு.
ஒன்றரை முறை கேட்டிருந்தேன்,
அந்த அரை, பேருந்தில்.

ஹெல்சிங்கிப் பத்திரிகை
அவன் பெயரில் ஓரெழுத்தை விழுங்கிவிட்டு மூன்று கொடுத்தது.
துர்க்கு மாத இதழில் கிர்சி
நான்காவது பாட்டின் அடியில் ஓடும் ரீங்காரத்தைப் பிடித்துக்கொண்டாள்.
துணிச்சல் என்றாள்,
ஒரு மனிதன் தன் மௌனத்தின் மேல் போட்ட வழக்கு என்றாள்.
பாடகன் யார்மோ
(குழுவின் குரல், தலைமுடி, வங்கிக்கணக்கு எல்லாம் அவன்தான்)
வானொலியில் கேட்டதற்கு
"இன்னும் நேரம் கிடைக்கவில்லை" என்றான்.

முன்னூறு பிரதி அடித்து
நூற்றுப் பன்னிரண்டு விற்றது.

ஆறு வருடம் கழித்து, ஏப்ரலில்,
டயர் மாற்றும் கடையில் என் வண்டிக்கு முன்னால் அவன் வண்டி.
ஓடி ஒளிய இடமில்லை. காபி இயந்திரம்கூட அவன் பக்கம்தான்.
அந்த ரீங்காரம் என்னவென்று கேட்டேன்.
வேறு எதைக் கேட்பது?
"ஃபிரிட்ஜ். அணைக்க மறந்துட்டேன்.
கிர்சிகிட்ட சொல்லிடாதே."

பிறகு, டயரைப் பார்த்தபடியே,
என் வரியைச் சொன்னான். ஒரு சொல் பிசகவில்லை.
"நல்ல வரி. ஆனா 'நல்ல'வுக்கு முன்னால
கொஞ்சம் விட்டிருக்கணும்.
அவசரப்பட்டுட்டே."
காகிதக் கோப்பையின் மேல் விரலால் தட்டிக் காட்டினான்:
ஒளிந்திருந்ததற்கு...
இப்போது நானே சிரித்துவிட்டேன்.

அன்று இரவு உட்கார்ந்து முழுதாகக் கேட்டேன்.
நல்ல ஆல்பம் என்று இப்போதும் சொல்லமாட்டேன்.
இரண்டாம் பாட்டு நீளம், கிதார் யாரோ கடனுக்கு வாசித்தது.
நான்காவதில் மட்டும்
மூன்றாம் நிமிடம் போல
ஃபிரிட்ஜ் ஒரு குலுக்குக் குலுக்கித் தானாக அடங்குகிறது.

அவன் அதற்கு ஒரு தாளம் இடம் விடுகிறான்.

பிறகு பாடுகிறான்.