அரை மாத்திரை

காட்பாடி வழியாக மூன்று பத்துக்கு
ஒரு சரக்கு ரயில் நிற்காமல் போகிறது.
எத்தனை பெட்டி என்று கேட்டால் சொல்வேன்.
ஐம்பத்தெட்டு. சில நாள் ஐம்பத்தொன்பது.

தீட்டு நின்று நாலு வருஷம்.
"விட்டுது சனியன்" என்று சிரித்தாள் நாத்தனார்.
போகிற போக்கில் அது
தூக்கத்தையும் கையோடு கூட்டிப்போகும் என்று
அவள் சொல்லவில்லை.
அவளிடமும் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

ஊருக்கெல்லாம் ஒரு வெயில். நாற்பத்திரண்டு டிகிரி.
எனக்கு அதற்குள்ளே இன்னொன்று,
மார்கழியிலும்,
கழுத்தில் தொடங்கிக் காதுமடல் வரைக்கும்.
ஃபேனை ஐந்தில் வைத்தால்
முனிரத்தினம் போர்வையைத் தேடுகிறார்.

கேஸை மூடினேனா?
எழுந்துபோய்ப் பார்க்கிறேன். மூடித்தான் இருக்கிறது.
படுத்த பிறகு,
பார்க்கப்போன கைதான் திறந்துவிட்டதோ என்று.
ஓசூரில் மகள் கடைசியாக ஃபோனைப் பார்த்தது
பதினொன்று ஐம்பத்திரண்டு.
அதற்குப் பிறகு அவள் உயிரோடு இருப்பதற்கு
என்னிடம் சாட்சி இல்லை.

ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் செக்கிங் எனக்கு.
அங்குலத்துக்கு எட்டுத் தையல்.
ராத்திரியில் இருட்டைப் பிடித்து எண்ணுகிறேன்,
ஏழுக்கு மேல் நூல் இல்லாத இடத்தில்
நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

தில்ஷாத்தான் சொன்னாள்,
மெஷின் சத்தத்துக்குக் கீழே, உதடு அசையாமல்:
"பாகாயம் போ. நானும் ரெண்டு வருஷமா போய்க்கினு கீறேன்."

பாகாயம்.
எங்கள் தெருச் சண்டைகளில்
கடைசியாக எடுத்து வீசுகிற வார்த்தை அது.

ஒன்றாம் நம்பர் பஸ்.
பெண்களுக்குக் காசில்லாத சீட்டுதான்,
ஆனாலும் எங்கே என்று கேட்கிறான் கண்டக்டர்.
தொரப்பாடி என்றேன்.
ஜெயில் இருக்கிற இடத்தைச் சொல்ல
எனக்கு வெட்கமாக இல்லை.
மீதி தூரம் நடந்தேன், முந்தானையைத் தலையில் போட்டு,
வெயிலுக்கு என்று.

டாக்டர் ஜெசிந்தாவுக்கு என் மகள் வயசு.
"சாகணும்னு தோணுதாம்மா?"
"இல்லை டாக்டர், தூங்கணும்னு தோணுது."
அவர் எழுதுவதை நிறுத்திச் சிரித்தார். நானும்.
பிறகு ஏனோ அழுதேன்.

காலையில் ஒன்று, அது பிடிக்க மூன்று வாரம் ஆகும்.
ராத்திரிக்கு அரை, மூன்று வாரத்துக்கு மேல் வேண்டாம்.

பிளேடால் வெட்டினால் சரிபாதி வருவதில்லை.
பெரிய பாதி எந்த ராத்திரிக்கு என்று
அதற்கொரு கவலை.
ஏழாம் வகுப்பில் தமிழம்மா சொல்லிக்கொடுத்தார்:
கண் இமைக்கும் நேரம் ஒரு மாத்திரை,
மெய்க்கு அரை.
அன்றைக்கு மனப்பாடம் செய்தேன்.
இன்றைக்குத்தான் விழுங்குகிறேன்.

முதல் வாரம் வாய் உலர்ந்தது,
தையல்கள் மங்கலாகத் தெரிந்தன,
ஒரு ஜோடியைத் தவறாகப் பாஸ் போட்டுத் திட்டு வாங்கினேன்.
நிறுத்திவிடலாம் என்றிருந்தது.
"நாள் ஆவும்டி" என்றாள் தில்ஷாத்.

அந்த நவம்பரில் பாலாறு வந்தபோது
ஊரே பாலத்தில் நின்றது.
இத்தனை வருஷம் எங்கே போனாய் என்று
ஒருத்தர்கூடக் கேட்கவில்லை அதை.
பதினேழாம் ராத்திரி எனக்கு அப்படித்தான் வந்தது.
காலையில் பால் பாக்கெட்டோடு நின்று அவர் கேட்டார்,
"இன்னா, ரயில் போச்சா?"
தெரியலையே என்றேன்.
அவர் பாக்கெட்டை மேசையில் வைக்காமல்
கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

அடுத்த தடவை கண்டக்டரிடம் பாகாயம் என்றேன்.
சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு
அடுத்தவளிடம் போய்விட்டான்.

காலை மாத்திரை இன்னும் தொடர்கிறது.
ராத்திரி மாத்திரையில் ஒரு பாதி மட்டும்
அட்டைக்குள் கிடக்கிறது, சின்ன பாதி.
எறியவில்லை.
எப்போதாவது விழித்துக்கொண்டால்
பெட்டிகளை எண்ணுகிறேன்,
நாற்பதுக்கு மேல் விட்டுப்போகிறது.
கேஸைப் போய்ப் பார்க்கிறேன்,
ஒரே ஒரு தடவை.