கூட்டக் குறிப்பு, பக்கம் ஏழு

தராவாவிலிருந்து வந்த படிவத்தில்
இரண்டே கட்டங்கள்.
ஆம். இல்லை.
மேற்குத் துறையில் கடல் அட்டை எடுக்க
வெளிநாட்டுக் கப்பலை மூன்று வருடம் விடலாமா?
வெள்ளிக்கிழமை விமானத்தில் பதில் போக வேண்டும்.

மனேயபாவின் கூரை இடுப்பளவுக்கு இறங்கியிருக்கிறது.
அமைச்சரானாலும் குனிந்துதான் நுழைய வேண்டும்.
போன மாதம் வந்த துணைச்செயலர்
நிமிர்ந்தே வந்து நெற்றியில் வாங்கிக்கொண்டார்.
அதை நான் குறிப்பில் எழுதவில்லை.

குடிக்கொரு தூண்,
தூணடியில் பாய்,
பாய்க்கொரு முறை.
கிழக்குத் தூண் முதல் சொல்லை எடுக்கும்.
வடக்குத் தூண் மறுக்கலாம், இல்லையென்றால்
தாழை இலையில் புகையிலை சுருட்டிக்கொண்டு
சும்மா இருக்கலாம்.
கடைத் தூண் முடித்துவைக்கும்.
கை தூக்குவது இங்கே
ஈ விரட்ட மட்டும்.

நானோ சம்பளக்காரி.
தீவுக் கவுன்சில் எழுத்தர்.
ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஆடும் மேசை,
ஆடாதிருக்க அதன் காலடியில்
விதிமுறைப் புத்தகம்.
எழுத்தர் வாய் திறக்கக் கூடாது என்பது
அதற்குள்தான் எங்கோ இருக்கிறது.

காலையில் பேசினார்கள்.
சோறும் சுறாவும் தின்றுவிட்டுப் பேசினார்கள்.
பெனுவேரா தன் படகுக் கடனைச் சொன்னான்.
அட்டை போன மணல் எப்படி நாறும் என்றாள் மரெவேயா.
யாரோ பள்ளிக்கூடக் கூரை, யாரோ கிணற்று உப்பு.
மழை வந்து போனது.
நாலரைக்கு எல்லாரும் ஓய்ந்து
கடைத் தூணைப் பார்த்தார்கள்.

காலிப் பாய்.
அந்தக் குடியில் இருவர்
நியூசிலாந்தில் ஆப்பிள் பறிக்கிறார்கள்.
ஒருவன் சரக்குக் கப்பலில்.
ஒருவர் ஆலயத்துக்குப் பின்னால், மண்ணில்.
மிச்சம் நான்.

யாரும் கூப்பிடவில்லை.
யோதேபா தொண்டையைச் செருமினார், அவ்வளவுதான்.
ஒரு குழந்தைகூட அழவில்லை, பாவிகள்.
பேனாவை மூடினேன்.
செருப்பைக் கழற்றினேன்.
நாற்காலியிலிருந்து பாய்க்குப் பதினாறு எட்டு.
எண்ணிக்கொண்டே போனேன்,
வேறெதையும் நினைக்காதிருக்க.

பேசினேன்.
நீளமாக இல்லை.
"ம்" என்ற ஒலி
தூணிலிருந்து தூணுக்கு நகர்ந்தது.
பெனுவேராவிடம் வந்து நின்றது.
வெகுநேரம் நின்றது.
பிறகு அவனும் சொன்னான்.

மேசைக்குத் திரும்பும்போது
காற்று தாளைப் புரட்டியிருந்தது.
நாலரைக்கும் ஐந்துக்கும் நடுவே
எழுத ஆளில்லாத வெள்ளை.
அதை அப்படியே விட்டேன்.
படிவத்தில் இரண்டு கட்டங்களையும் சேர்த்து
ஒரே கோடாக அடித்து
"பேசி முடிந்தது" என்றெழுதி
முத்திரை குத்தினேன்.

என்ன முடிந்தது என்று கேட்பார்கள்.
கேட்கட்டும்.
குனிந்து உள்ளே வந்து கேட்கட்டும்.