பதினேழாம் வரிசை

காலை ஐந்தரைக்கு முதலில் இருமுவது பம்பு.
அப்புறம்தான் பியூக்ராவின் சேவல்கள்.

பசுமைக்குடிலுக்குள் நுழைந்ததும் கண்ணாடியில் ஆவி.
துடைத்துக்கொண்டு ஒரு சொட்டுவானின் கீழ்
குவளையைப் பிடித்து ஆறு நிமிடம் குந்தியிருக்கிறேன்.
இருநூறு மில்லி விழ வேண்டும்.
நூற்றெழுபது என்றால் வாயில் சுண்ணாம்பு.
இருநூற்று முப்பது என்றால்
பொறுமையில்லாத யாரோ ஊசியால் குத்தியிருக்கிறார்கள்
(ஒருமுறை அது நான்).

தக்காளிக்குத் தாகம் என்றால் என்னவென்று தெரியாது.
வருமுன்பே ஊட்டிவிடுகிறோம்,
நாளைக்குப் பதினொரு தடவை, சிறுவாய் சிறுவாயாக.
வடிந்ததையும் தட்டில் ஏந்தி, உப்பு பார்த்து,
மறுபடி தொட்டிக்கு அனுப்புகிறோம்.

இந்தத் தண்ணீர் போன வாரம் கடல்.
உப்பைக் கழற்றி, குழாயில் ஏற்றி,
மீட்டரில் விலை ஒட்டி அனுப்புகிறார்கள்.
கொட்டகைக்குப் பின்னால் பழைய கிணறு இருக்கிறது.
கல்லைப் போட்டால்
கல்மேல் கல் விழும் சத்தம்.

அந்த மாதம் கணக்கு இடித்தது.
மீட்டர் சொன்னது ஒன்று, செடிகள் குடித்தது ஒன்று,
நடுவில் நாளைக்கு எழுபது லிட்டர் காணோம்.
"கண்டுபிடி, தூதா" என்றார் மேஸ்திரி ஹம்மு,
ஆடு களவுபோன வீட்டுக்காரர் குரலில்.

மூன்று நாள் குழாயோடு குழாயாகத் தவழ்ந்தேன்.
மூட்டுக்கு மூட்டு விரல் வைத்துப் பார்த்தேன்.
பதினேழாம் வரிசை முடிகிற இடம்,
பிளாஸ்டிக் சுவருக்கு வெளியே,
வளையம் தேய்ந்த ஒரு மூட்டு
ஓசையில்லாமல் அழுதுகொண்டிருந்தது.
அதைச் சுற்றி ஒரு பாய் அகலத்துக்குப்
பருப்புக்கீரை.
சிவந்த தண்டு, கொழுத்த இலை,
யார் விதைத்ததும் இல்லை.
ஓரத்தில் நகத்தால் கிள்ளிய தடம், வரிசையாக.

யம்னாவின் மதியப் பாத்திரம் ஞாபகம் வந்தது.
பூண்டும் உப்பிலிட்ட எலுமிச்சையும் சேர்த்து
எண்ணெயில் மசித்த கீரை.
ரொட்டியைக் கிழித்துக் கிழித்து
நானும்தான் தொட்டுத் தின்றேன் ஆவணி முழுக்க.
எங்கே பறித்தாய் என்று கேட்டதில்லை.

புது வளையம் இரண்டு திர்ஹம்.
இறுக்கிவிட்டேன்.
ஹம்மு தோளில் தட்டினார்.
யம்னா என் கையிலிருந்த ஸ்பானரைப் பார்த்தாள்,
பிறகு தன் காலணியைப் பார்த்தாள்.

பருப்புக்கீரை சீக்கிரம் சாகாது.
அதுதான் கஷ்டம்.
இலைக்குள் சேர்த்து வைத்ததைத்
தானே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று
பத்து நாள், பன்னிரண்டு நாள்,
நான் போகும்போதெல்லாம் இன்னும் இருந்தது.

கடல்பக்கம் மூடுபனி இறங்கும் பருவம் அது.
விடியலில் கூரையின் வெளிமுதுகு நனைந்து
கோடு கோடாக வழிந்து
சுவரடி மணலில் காணாமல் போகும்.
எந்த மீட்டரும் எண்ணாத ஈரம்.
ஆனாலும் குவளை வைத்து அளந்தேன்,
கை அப்படிப் பழகிவிட்டது.
நானூறு மில்லி.

தளர்ந்து தொங்கிய பிளாஸ்டிக் ஓரத்தை
ஒரு மடிப்பு மடித்து,
நுனியை மூட்டின் பக்கம் சாய்த்து,
மேலே ஒரு கல் வைத்தேன்.
எழுபது லிட்டர் எங்கே, இது எங்கே.

பதிவேட்டில் எழுதினேன்:
வரிசை பதினேழு, கசிவு இல்லை.

ஐப்பசியில் ஒரு மதியம்
யம்னா பாத்திரத்தை என் பக்கம் தள்ளினாள்.
கீரை கொஞ்சம், அதிலும் பாதி தண்டு.
பூண்டுதான் அள்ளிப் போட்டிருந்தாள்.