முட்டுக்கட்டை

கேத்தியில் கேரட் ஏற்றிய வண்டி.
மூன்று தடவை கழுவியும்
கதவு ஓடும் தடத்தில்
சிவந்த மண் ஒரு கோடு மிச்சம்.
அது கிடக்கட்டும் என்றேன்.
பின்சீட்டைக் கழற்றிப் பலகை அடித்து
மெத்தை போட்டாயிற்று.
இனி என்னென்ன வாங்குவது?

போஜன் எழுதிய சீட்டில்
முதலில் சோலார் தகடு.
ஜூனில் நனைத்த துணி
செப்டம்பரில் காயும் ஊரில்
பேட்டரிக்கு மட்டும் வெயில்
எங்கிருந்து வரும் என்றேன்.
அடித்தான்.
அடுத்தது குட்டி ஃபேன்.
நான் ஒன்றும் சொல்லவில்லை, ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டேன்.
அதையும் அடித்தான்.
மூன்றாவது, சரம் சரமாய்த் தொங்கும் மணிவிளக்கு.
நான் வாய் திறக்குமுன்
சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

என் சீட்டில் முதலில்
மூடி போட்ட வாளி.
பாத்திரக் கடைக்காரர் கேட்டார்,
பாலுக்காம்மா?
ராத்திரி இரண்டு மணிக்கு
கதவுக்கு வெளியே காட்டெருமை
பெருமூச்சு விட்டுக்கொண்டு நிற்கும்போது
உள்ளேயே முடித்துக்கொள்ள
என்று அவரிடம் சொல்ல முடியுமா?
பாலுக்குத்தான்.
மூடி இறுக்கமாக இருக்கணும்.
தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்தே காட்டினார்,
பாவம், நல்ல மனிதர்.

பிறகு ஒரு பை அடுப்புக்கரி.
எரிக்க இல்லை.
மெத்தைக்கு அடியில் வைத்தால்
ஈரத்தைக் குடித்துவிடும்,
போர்வையில் பூசணம் பூக்காது.
வெந்நீர்ப் பை இரண்டு.
ஒன்றே போதும் என்றான்.
உன் கால் எவ்வளவு சில்லென்று இருக்கும் என்று
உனக்குத் தெரியாது என்றேன்.

ரசமட்டத்தை மட்டும் வாங்கவில்லை,
தச்சர் சேவியர் இரவல் தந்தார்.
வண்டிக்குள் வைத்துப் பார்த்தோம்:
வீட்டு வாசலில், மில் கேட்டில்,
சர்ச் மைதானத்தில்.
எங்கு நிறுத்தினாலும் குமிழி
கோயமுத்தூர்ப் பக்கமே ஓடியது.
நடுவில் நின்றது ஒரே ஒரு இடத்தில்,
பெட்ரோல் பங்க்கில்.
அங்கே போய் யார் தூங்குவது?

கடைசியில் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை.
அதற்கெதற்குக் காசு,
வழியெல்லாம் கல் கிடக்கே
என்றான் போஜன்.
சொன்ன வாயை உடனே மூடிக்கொண்டான்.

கிடக்கிறதுதான்.
கெத்தைச் சாலையில் ஒரு வளைவில்
யாரோ வண்டிக்குக் கல் வைத்துவிட்டு
டீ குடித்தார்கள்.
வண்டி போய்விட்டது,
கல் போகவில்லை.
மாதனின் பைக்கில்
முன்விளக்கு நன்றாகத்தான் எரிந்தது.
அன்றைக்கு மூடுபனி.
என் தம்பிக்கு அப்போது
லைசென்ஸ் வந்து எட்டு மாதம்.

காரியத்துக்கு முட்டுக்கட்டை போடாதே என்பது
சமவெளியில் யாரோ சொல்லிவைத்த பேச்சு.
இங்கே வந்து ஒரு ராத்திரி
வண்டியை நிறுத்திப் பார்க்கட்டும்.

மறுநாள் போஜன் தனியாகப் போய்
சேவியரிடம் சீகை மரத்தில்
இரண்டு கட்டை அறுத்து வாங்கி வந்தான்.
ஒவ்வொன்றிலும் துளை.
துளையில் மஞ்சள் நைலான் கயிறு.
கயிற்றின் மறுமுனை
டிரைவர் கதவின் கைப்பிடியில்.
அவிழ்க்காமல் ஏற முடியாது,
எடுக்காமல் கிளம்ப முடியாது.
எதற்கு மஞ்சள் என்று நான் கேட்கவில்லை.

முதல் ராத்திரி மஞ்சூர் தாண்டி.
சரிவில் உருண்டு உருண்டு
அவன் முழங்கை என் விலாவில்.
வாளி உதவியது.
கரி உதவியது.
மணிவிளக்கும் வந்திருந்தது, எப்படி வாங்கினானோ,
நன்றாகத்தான் இருந்தது.

காலையில் கயிற்றை இழுத்துக்
கட்டைகளை உள்ளே போட்டோம்.
பத்தடி தள்ளித் தாரின் மேல்
யாரோ விட்டுப்போன கல்,
தலையணை அளவு.
இருவரும் சேர்ந்து உருட்டி
ஓடைப் பக்கம் தள்ளினோம்.
அடுத்த வளைவில் இரண்டு.
அதற்கடுத்ததில் ஒன்று, பாசி பிடித்தது.
நிறுத்து என்று நான் சொல்லுமுன்
அவனே நிறுத்தினான்.

அணை வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது.
விரல்கள் விறைத்து
பன்னைக்கூடப் பிய்க்க முடியவில்லை.
போஜன் பழைய சீட்டை எடுத்து
அடித்ததற்கெல்லாம் கீழே
கோணல் எழுத்தில் எழுதினான்:
கையுறை. இரண்டு ஜோடி.