நான்கு கிலோயூல்

ரியூசன் நோட்டீசில் சோடியத்துக்கு
ஒரு சிரிப்பு வரைந்திருக்கிறார்கள்.
கையை நீட்டி இலத்திரனைக் கொடுக்கிறது,
குளோரின் தலையைக் குனிந்து வாங்குகிறது.
கலியாண வீட்டு வீடியோ மாதிரி.

பொய்.
அட்டவணையைப் பார்த்தேன்.
நானூற்றுத் தொண்ணூற்றாறு கிலோயூல் செலவழித்துப்
பிடுங்கினால்தான் அது கைவிடும்.
வாங்கியவர் திருப்பித் தருவது
முந்நூற்று நாற்பத்தொன்பது.
நிலாவெளி உப்பளக் களஞ்சியத்தில்
மூட்டை எண்ணும் கொப்பியின் பின்பக்கம்
கழித்துப் பார்த்தேன்:
நூற்று நாற்பத்தேழு துண்டு விழுகிறது.

முப்பத்திநாலு வயதில்
மூன்றாம் தடவை உயர்தரம் எழுதுகிறவளுக்கு
இரவு ஒன்றரை மணிக்கு
அந்த நூற்று நாற்பத்தேழு முகத்தில் அறைந்தது.
கொடுப்பதிலும் இல்லை இலாபம்,
வாங்குவதிலும் இல்லை.
இதை எனக்கு யாரும் சொல்லவில்லை,
சீதனக் காணியை அவர் பெயருக்கு
மாற்றி எழுதிய அன்றும்.

பக்கத்தைத் திருப்பினேன்.
இழந்ததும் பெற்றதும் கிட்ட வந்து
இடம் வலம் முன் பின் மேல் கீழ் என்று
ஆறு பக்கமும் எதிர்க்குறியை நிறுத்தி
அடுக்கிக்கொள்ளும்போதுதான்
எழுநூற்று எண்பத்தேழு வெளியே கொட்டுகிறது.
விழுந்த துண்டெல்லாம் அடைபட்டு
மிச்சமும் வருகிறது.
சாலக சக்தி என்று பேர்.
நான் அடுக்கின் சூடு என்று எழுதி வைத்தேன்.

ஆனால் இந்த ஊரில் யாரும்
சோடியத்தைக் குளோரினில் எரிப்பதில்லை.
அந்த மஞ்சள் சுவாலையை நான் கண்டதுமில்லை;
நான் படித்த காலத்தில்
ஆய்வுகூடத்தில் சனம் தங்கியிருந்தது.
பாத்தியில் நிற்கிற கடலுக்குள்
இரண்டும் எப்போதோ பிரிந்தே வந்தவை,
ஒவ்வொன்றையும் சுற்றித் தண்ணீர்.
வெயில் செய்வது ஒன்றுதான்:
தண்ணீரைத் தன் செலவில் அனுப்பிவைக்கிறது.
ஆடியில் கச்சான் அடிக்கும்போது
அந்தச் செலவில் ஒரு பங்கை
எங்கள் தோலிலும் அறவிடும்.

புரட்டாதி பிறந்த மூன்றாம் நாள்,
சொல்லாமல் கொள்ளாமல் மழை.
தறப்பாள் இழுக்க ஓடினோம்,
செபமாலை, றிஸ்மியா, ஞானசௌந்தரி, பாத்துமுத்து,
கும்புறுப்பிட்டியிலிருந்து வருகிற இரட்டையர் இரண்டும்,
நானும்.
இரண்டு அம்பாரம் தப்பியது.
மூன்றாவது எங்கள் கால்விரலுக்குள்ளால்
கரைந்து போனது.
குளிருது என்றாள் றிஸ்மியா, மழைக்கு.
மழைக்குத்தான். ஆனால் உப்பும்
கொஞ்சம் சூட்டை எடுத்துக்கொண்டுதான் போகும்.
கொப்பியில் இருக்கிறது:
நான்கு கிலோயூல்.

வெறும் நான்கு.
எழுநூற்று எண்பத்தேழை
ஒன்றுமில்லாத வெளியில் யார் பிரிப்பது?
தண்ணீர் வந்து ஒவ்வொன்றையும் சுற்றி நின்று
எழுநூற்று எண்பத்துமூன்றைத் தானே கட்டிவிடுகிறது.

உவர்மலையில் அந்த வீட்டைவிட்டு
நான் வெளிக்கிட்ட விடியலை
ஊர் இன்னும் கதைக்கிறது.
என்ன லேசாய்ப் போனாள், பார்,
திரும்பியும் பார்க்கவில்லை.

ஓட்டோவுக்குள் ஞானசௌந்தரி இருந்தாள்.
கேற்றடியில் செபமாலை,
செபமாலைக்குப் பின்னால்
வாயைத் திறக்காமல் பாத்துமுத்து.
பையைத் தூக்கியது இரட்டையரில் யார் என்று
எனக்கு இன்றைக்கும் தெரியாது.
றிஸ்மியா வீட்டில் கேத்தல் கொதித்தபடி.

வாற மாதம் சோதனை.
உப்பு நீரில் கரைவது புறவெப்பமா, அகவெப்பமா
என்று கேட்பார்கள்.
அகவெப்பம்.
குறி சக, பெறுமானம் நான்கு.
அலகு போட மறக்கக்கூடாது,
போனமுறை
அதிலேதான் புள்ளி போனது.